கந்தீனா ஒத்தோவின் ட்ரம்ஸ்காரி

ஊர்காவற்றுறைக் கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தின் பாண்ட் அணியில் சைட் ட்ரம் அடித்தவள் ஸ்ரெல்லா. விளையாட்டுப் போட்டியன்று வெள்ளைக் கையுறை போட்டு முன்வரிசையில் நடப்பாள். சண்டை யாழ்ப்பாணத் தீவுப்பகுதிக்கு வந்ததும் பள்ளிக்கூடமும் பாண்டும் கலைந்தன. சில வருடங்கள் இடம் மாறி இடம் மாறித் திரிந்த பிறகு, அக்கா கிளறா அவளை இத்தாலியின் பலெர்மோ நகரத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். அங்கே லிபெர்த்தா வீதியில் ஒரு சின்யோரா, அதாவது எசமானியம்மா, வீட்டில் வேலை கிடைத்தது: தரை துடைப்பது, சமைப்பது, உடுப்பு அயன் பண்ணுவது.

சின்யோராவின் மகன் பப்ரீட்சியோ கிற்றார் வாசித்துப் பாடுபவன். அவன் கூட்டாளி சால்வோவிடம் பேஸ் கிற்றார் இருந்தது. ஒரேத்தோ பகுதியில் ஒரு மாடிக் கட்டடத்தின் அடியில், எட்டாம் இலக்க நிலவறையில் இருவரும் வாசித்துப் பழகுவார்கள். அதனால் அவர்களுடைய ரொக் குழுவுக்கே 'கந்தீனா ஒத்தோ', அதாவது எட்டாம் நிலவறை, என்று பெயர். தொண்ணூற்றைந்தில் அவர்களுடைய ட்ரம்ஸ்காரனைக் கட்டாய இராணுவ சேவைக்கு எடுத்துவிட்டார்கள். பப்ரீட்சியோ குசினியில் நின்று தாயிடம் புலம்பிக்கொண்டிருந்தான். அயன் பண்ணிக்கொண்டிருந்த ஸ்ரெல்லா, தனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலியனில், "எனக்கு ட்ரம் அடிக்கத் தெரியும்" என்றாள். அவன் பகிடி என்று நினைத்துச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

முதலில் சரியாக வரவில்லை. கைகளுக்குப் பழக்கம் இருந்தது; கால்களுக்கு இல்லை. கையும் காலும் சண்டை பிடித்தன. பிறகு மெல்ல மெல்ல ஒத்துப்போயின. அணிநடைப் பழக்கம் மட்டும் போகவில்லை. தண்ணீர் வராத குழாயையும் வராத பஸ்ஸையும் பற்றிய அவர்களுடைய பாட்டுகள் அவள் கையில் எங்கோ நடந்து போவதுபோல ஒலித்தன. மாணவர்கள் போராட்டத்தில் கைப்பற்றி வைத்திருந்த ஒரு மண்டபத்தில் வாசித்தார்கள். ஒரு மீன்பிடிக் கிராமத்துத் திருவிழாவிலும் வாசித்தார்கள். அங்கே புனிதரின் சுருவ ஊர்வலத்துக்காகக் காத்திருந்த சனம் கத்தி அவர்களை மேடையிலிருந்து இறக்கிவிட்டது. கத்தானியா நகரத்தில் ஒரு சின்னக் கொம்பனி அவர்களுடைய பாட்டுகளை சீடியாகப் போட்டது. கடைகளுக்குப் போகமுன்னே கொம்பனி மூடிவிட்டது. பெட்டிகள் நிலவறைக்கே திரும்பி வந்து ஈரத்தில் ஊறின.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது கிளறா கேட்டாள்.

"சனமெல்லாம் கதைக்குது. அந்தப் பெடியளோடை நிலத்துக்குக் கீழை என்னடி செய்யிறாய்?"

"ட்ரம்ஸ் அடிக்கிறன் அக்கா."

"அதைத்தான் நானும் கேக்கிறன். ஏன்?"

ஸ்ரெல்லா பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தாள்.

தொண்ணூற்றெட்டில் கொட்வினை அவளுக்கு மாப்பிள்ளையாகப் பேசி முடித்தார்கள். அவர் திருச்சியில் அகதியாக இருந்தார், கலியாணமும் அங்கேதான். "இந்தியாவுக்குப் போறன், கலியாணம்" என்று நிலவறையில் சொன்னாள். இருவரும் கட்டிப்பிடித்து வாழ்த்தினார்கள். வடக்கே பொலோஞ்ஞா நகரத்தில் ஒரு நிகழ்ச்சி வரவிருந்தது. இரவல் ட்ரம்ஸ்காரன் ஒருவனோடு போனார்கள். அதற்குப் பிறகு குழு நிலைக்கவில்லை.

சில மாதங்களில் அவள் பலெர்மோவுக்குத் திரும்பிவிட்டாள்; கொட்வினும் பிறகு வந்து சேர்ந்தார். வேலை வேறு வீட்டில் கிடைத்தது. வயிற்றில் பிள்ளையோடு பல்லரோ சந்தையில் நின்ற ஒரு நாள், சால்வோ மீன் வாங்குவதைக் கண்டாள். ஒலிவ் காய் விற்பவனின் தட்டுக்குப் பின்னால் போய், அவன் போகும்வரை குனிந்து நின்றாள். ஏன் ஒளிந்தாள் என்று இன்றுவரை அவளுக்கே தெரியாது.

மகள் அனிற்றா வளர்ந்தாள். அவளுடைய படிப்புக்காக கொட்வின் அவளை இங்கிலாந்தில் லெஸ்ரருக்குக் கூட்டிப் போனார். வேலைவீட்டில் தான் பராமரித்துக்கொண்டிருந்த கிழவியை இடையில் விட்டுவிட மனம் வராமல், பிறகு வருகிறேன் என்று ஸ்ரெல்லா நின்றுவிட்டாள். கிழவி நெடுநாள் உயிரோடு இருந்தார். அதற்குள் இங்கிலாந்து ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிக் கதவைச் சாத்திவிட்டது. கொட்வினின் தொலைபேசி அழைப்புகள் நத்தாருக்கும் பெரிய வெள்ளிக்கும் என்று குறைந்தன. பல்லரோ சந்தைக்குப் பக்கத்தில், அல்பெர்கேரியாவில் ஒரு சின்ன வீட்டில் அவள் தனியே இருந்தாள். வேலையால் வந்ததும் ரீவியைப் போட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவாள்.

இந்த வருடம் மாரிகாலம் முடிகிற நேரம் அனிற்றா தொலைபேசி எடுத்தாள்.

"அம்மா, இன்ரநெற்றிலை கண்ட ஒரு படம் அனுப்பியிருக்கிறன். ட்ரம்ஸுக்குப் பின்னாலை இருக்கிறது நீங்களோ?"

"ஓம்."

"ஏனம்மா எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?"

"சொல்ல என்ன பிள்ளை இருக்கு? ஒருத்தரும் கேக்காத பாட்டுகள்."

தொண்ணூறுகளில் கவனிக்கப்படாமல் போன குழுக்களைத் தேடி எடுத்து இசைத்தட்டாக வெளியிடும் ஒரு வட இத்தாலியக் கொம்பனி, கந்தீனா ஒத்தோவையும் கண்டுபிடித்திருந்தது. படத்தின் கீழே எழுதியிருந்தது: 'ஸ்ரெல்லா, ட்ரம்ஸ். இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார்.' வெளியீடு பலெர்மோவிலேயே, ஒரு இசைத்தட்டுக் கடையில்.

கோயிலுக்கு உடுக்கும் சட்டையோடு போய்ப் பின்னால் நின்றாள். வந்தவர்களில் பாதிப்பேர் அந்தப் பாட்டுகள் வந்தபோது பிறந்திருக்கவே மாட்டார்கள். சால்வோவுக்குத் தலை மொட்டையாகியிருந்தது. "எங்கடை ட்ரம்ஸ்காரி மாதிரி ஒருத்தர் பிறகு கிடைக்கேல்லை. எங்கை இருக்கிறாவோ" என்று ஒலிவாங்கியில் சொன்னான். அவளுக்கு முன்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள். அவள் கைகளைக் கட்டிக்கொண்டாள்.

கையெழுத்து வாங்கும் வரிசையில் அவளும் நின்றாள். சால்வோ நிமிராமலே பெயர் கேட்டான்.

"ஸ்ரெல்லா."

"எங்கடை ட்ரம்ஸ்காரியின்ரை பேரும் அதுதான்" என்று எழுதத் தொடங்கினான்.

"தெரியும். அந்த நிலவறையிலை நீ எந்த நாளும் தலையை அடிச்சுக்கொள்ளுற ஒரு குழாய் இருந்தது."

பேனை நின்றது. எழுந்த வேகத்தில் கதிரை விழுந்தது.

"நீ இந்தியாவிலை எல்லோ?"

"இந்தியா என்ரை நாடே இல்லை, சால்வோ. நான் பல்லரோவுக்குப் பக்கத்திலை இருக்கிறன். எப்பவும் இஞ்சைதான் இருந்தனான்."

அன்று அழுகை, படமெடுப்பு எல்லாம் நடந்தது. மிலானோவிலிருந்த பப்ரீட்சியோ வீடியோ அழைப்பில் வந்து, "ஓகஸ்ற்றிலை வாறன், மூண்டு பேரும் வாசிப்பம்" என்றான். வட்ஸ்அப்பில் மூவருக்கும் ஒரு குழு தொடங்கினார்கள். ஸ்ரெல்லா அவன் சொன்னதை நம்பினாள். ஒரேத்தோவில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஒரு பயிற்சி அறையை, தன் அரைநாள் விடுமுறையான வியாழன் பின்னேரங்களுக்கு எடுத்தாள். சால்வோ தொடக்கத்தில் வந்தான். பிறகு அவன் தாய்க்கு நோய் வருத்தம் கடுமையாகி வரமுடியாமல் போயிற்று. ஓகஸ்ற்றில் பப்ரீட்சியோவுக்கு வேலை. வட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் பூக்கள் வந்தன. பிறகு அவையும் நின்றன.

அவள் அறையை விடவில்லை. வியாழன்தோறும் போய்ப் பழைய பாட்டுகளின் ட்ரம்ஸை மட்டும் தனியே அடிக்கிறாள். கிற்றார் மட்டும் வரவேண்டிய இடங்களில் குச்சிகளைத் தூக்கிப் பிடித்து, மனதுக்குள் எண்ணியபடி காத்திருந்து, சரியான இடத்தில் மறுபடி இறங்குகிறாள். ஒருநாள் அறைக்காரன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

"மற்றாக்கள் எப்ப வருவினம், சின்யோரா?"

"ஒருத்தரும் வரேல்லை. கதவைச் சாத்திவிடுங்கோ" என்று சொல்லிவிட்டு, பாட்டை முதலிலிருந்து தொடங்கினாள்.