சீட்டுக்கு அடியில் ஒரு வால்வு

எங்கள் வேனை விற்றுவிடுவதென்று மூன்று ஆண்கள் முடிவு செய்திருந்தார்கள். வேன் அவர்களில் யாருடையதும் அல்ல. என் அம்மாவுடையது. ஆர்.சி. புத்தகத்தில் அவள் பெயர் இருந்தது, ஓட்டியதும் அவள்தான்.

மூவரில் முதலாமவர் என் மாமா, அம்மாவின் தம்பி. கோவையில், சிங்காநல்லூரில் லேத் பட்டறை வைத்திருந்தார். இரண்டாமவர் அவர் பட்டறைக்குப் பக்கத்து ஷெட்டில் இருந்த மெக்கானிக். மூன்றாமவர் வெள்ளகோவில் பக்கம் எண்ணெய்க்கடை வைத்திருந்த ஒருவர். சரக்கு ஏற்ற ஒரு பழைய வேன் தேடிக்கொண்டிருந்தார், மாமா எங்களுடையதைச் சொல்லியிருந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்பா இறந்த பிறகு அம்மா கிணத்துக்கடவுக்கு அப்பால் தென்னந்தோப்பு வீட்டில் தனியாக இருந்தாள். நான் கோவையில் ஒரு நாளிதழில் வேலை பார்த்தேன், விடுமுறை நாளில் மட்டும் வருவேன். தோப்பிலிருந்து பொள்ளாச்சி ரோடு வரை மண்பாதை. பஸ் கிடையாது. தேங்காய் ஏற்றவும், உரம் எடுத்துவரவும், பல் வலித்தால் டாக்டரிடம் போகவும் அந்த வேன் ஒன்றுதான். அப்பா இறந்த வருடமே அம்மா பொள்ளாச்சியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கிவிட்டாள். வேன் இல்லாமல் அந்த வீட்டில் இருக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரியும். சிங்காநல்லூரில் தன் வீட்டு மாடியில் அக்காவுக்கென்று அவர் ஒரு அறை கட்டி வைத்திருந்தார், பாத்ரூம் உள்ளேயே இருக்கிற மாதிரி. அவர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் அம்மாவுக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

வேனுக்கு வந்த சீக்கு இதுதான். நிறுத்தி வைத்து ஓடவிட்டால் இஞ்சின் ஏறி இறங்கித் திணறியது. பின்னால் நீலப் புகை. எண்ணெய் ஊற்ற ஊற்றக் குறைந்தது. புகைப் பரிசோதனையில் தேறவில்லை. சர்டிபிகேட் இல்லாமல் பொள்ளாச்சி ரோட்டில் போனால் போலீஸ் நிறுத்தும். மாமா தன் மெக்கானிக்கிடம் காட்டினார். மெக்கானிக் புகையை மோந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"பிஸ்டன் ரிங்கு தேஞ்சுபோச்சுங்க. இஞ்சினை எறக்கிச் சிலிண்டரைக் கடைஞ்சு போரிங் பண்ணோணும். அதுக்கு ஆகற செலவுக்கு இத வித்துப்போடலாமுங்க."

அந்தச் சமயத்தில் நான் புகைப் பரிசோதனை நிலையங்களைப் பற்றி ஒரு செய்தி எழுதியிருந்தேன். அதற்காகப் பார்த்த இஞ்சினியர் ஒருவர், இஞ்சினின் வயிற்றில் சேரும் எண்ணெய் ஆவியைக் காற்றில் விடாமல் திரும்ப எரிவதற்கு அனுப்ப ஒரு சின்ன வால்வு உண்டு என்று படம் போட்டுக் காட்டியிருந்தார். மெக்கானிக்கிடம் கேட்டேன்.

"அந்த வால்வைப் பாத்தீங்களா?"

"அதெல்லாம் முன்னமே மாத்தியாச்சுங்க அம்மிணி. கம்பெனி வால்வு தோத்துப்போகும், அப்பிடி ஒரு பீசு."

"எங்கே வாங்கினது?"

"வாங்கறதா?" அவர் சிரித்துவிட்டார். "உங்க மாமா எதுக்குங்க வாங்கோணும்?"

எங்கள் கோவையை அறிந்தவர்களுக்கு இந்தப் பதில் புரியும். கடையில் விற்கிற எதையும் நம் பட்டறையில் கடைந்து எடுத்துவிடலாம் என்று நம்புகிற ஊர் அது. கடைந்து எடுக்க முடிகிற பொருளைக் காசு கொடுத்து வாங்குவது அங்கே கொஞ்சம் வெட்கக்கேடு. அந்த நம்பிக்கை பத்துக்கு ஒன்பது முறை சரியாகத்தான் இருந்தது. அதனால் பத்தாவது முறை யாரும் சந்தேகப்படுவதில்லை.

நான் சந்தேகப்பட்டேன். உக்கடம் பக்கம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய் வால்வு கேட்டேன். கடைக்காரர், நடுத்தர வயது பாய், பெட்டியைத் தேடிக்கொண்டே விசாரித்தார்.

"எந்த ஒர்க்‌ஷாப்புங்க?"

"ஒர்க்‌ஷாப் இல்லீங்க. நானும் எங்க அம்மாவும் மாட்டப் போறோம்."

அவர் வால்வைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். "கை சின்னதாத்தான் இருக்குது. ஆனா அந்த எடத்துல வால்வை வெச்ச ஆளு ஒரு நாளும் அதைக் கழட்டிப் பாத்திருக்க மாட்டானுங்க. பாத்திருந்தா வேற எடத்துல வெச்சிருப்பான்."

பொட்டலம் கட்டும் முன் வால்வைக் காதருகில் வைத்து ஆட்டினார். உள்ளே டக் டக்கென்று ஏதோ தட்டியது. "இந்தச் சத்தம் வரோணுங்க. வரலீன்னா வெறும் பைப்பு."

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா வெள்ளகோவில்காரரைக் கூட்டிக்கொண்டு வருவதாக இருந்தது. காலையில் காப்பி குடித்த கையோடு நானும் அம்மாவும் வேனைத் தென்னைமர நிழலில் நிறுத்தி வேலையை ஆரம்பித்தோம். அந்த மாதிரி வேனில் இஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைச் சாய்த்து மூடியைத் தூக்கினால் மேலே கார்புரேட்டர் தெரிந்தது. வால்வு தெரியவில்லை. அது கார்புரேட்டருக்கும் கீழே, பின்பக்கத் தகரத்தைப் பார்த்தபடி, கண் போகாத இடத்தில் இருந்தது. அம்மா உள்ளே போய்த் தன் பவுடர் டப்பாக் கண்ணாடியை எடுத்துவந்தாள். அதை உள்ளே சாய்த்துப் பிடித்தபோது கண்ணாடியில் மஞ்சளாக ஒன்று மின்னியது.

"தங்கமாட்டமா இருக்குதே" என்றாள் அம்மா.

"உன்ற தம்பி செஞ்ச பித்தளை."

வாட்சைக் கழற்றிவிட்டுக் கையை விட்டேன். மணிக்கட்டு வரை போனது. ஸ்பேனரோடு போகவில்லை. ஸ்பேனர் இல்லாமல் போனால் திருகு அசையவில்லை. ரப்பர் குழாயை மட்டும் இழுத்துக் கழற்றினேன், அதற்குள் புறங்கையில் தோல் உரிந்தது.

"எந்திரி, நான் பாக்கறேன்."

"உன் கை போகாதும்மா."

"போகாம எங்க போகும்?"

அம்மா முழங்கை வரை தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டாள். கிணற்று மோட்டாரில் தண்ணீர் கசிந்தால் கிளாண்டு கயிறு மாற்றுவது அவள்தான், ஆளை எதிர்பார்க்க மாட்டாள். மோட்டார் ரூமில் கிடந்த, யாரோ எப்போதோ வளைத்து வைத்த ஒரு குட்டை ஸ்பேனரை எடுத்துவரச் சொன்னாள். அது உள்ளே போனது. திருகைப் பிடித்தது. ஒரு தடவைக்கு நகக்கண் அளவு திரும்பியது, அதற்குள் தகரத்தில் இடித்தது. எடுத்து மறுபடி மாட்ட வேண்டும். நான் கண்ணாடியையும் டார்ச்சையும் பிடித்தபடி இடம், வலம், மேலே என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நீ சொல்றது கண்ணாடிக்கு வலமா, எனக்கு வலமா?"

"கண்ணாடிக்கு."

"அப்பக் கம்முனு இரு. எனக்குக் கையே சொல்லுது."

வெகுநேரம் கழித்து அந்தத் துண்டு அவள் விரல்களோடு வெளியே வந்தது. துடைத்துப் பார்த்தோம். மாமாவின் வேலை என்று சொல்லவே வேண்டாம். திருகு மரையில் ஒரு பிசிறு இல்லை. ஆறு பட்டையும் அரம் போட்டு வழவழவென்று இழைத்திருந்தார். காதருகில் வைத்து ஆட்டினேன். சத்தம் இல்லை. ஒரு பக்கம் வாய் வைத்து ஊதினேன், காற்று போனது. மறுபக்கம் ஊதினேன், அதே மாதிரி போனது. புதிய வால்வில் ஒரு பக்கம் மட்டும்தான் காற்று தாராளமாகப் போனது, மறுபக்கம் அடைத்துக்கொண்டது.

அம்மாவிடம் அதைக் கொடுத்து ஊதச் சொன்னேன். ஊதினாள். புரிந்துகொள்ள அவளுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"கதவே இல்லாத வாசல்" என்றாள். "ஊத்தின எண்ணெயெல்லாம் இதுவழியா உறிஞ்சியிருக்குது. ரிங்கு தேஞ்சுபோச்சுன்னு சொல்றான் அந்த மெக்கானிக்."

புதியதை மாட்டுவது கழற்றியதைவிடச் சிரமம். ஒரு முறை கை நழுவி உள்ளே விழுந்து, வேனுக்கு அடியில் படுத்துத் தேடி எடுத்தோம். மரை கோணலாகப் பிடித்துவிடக் கூடாது என்று அம்மா ஸ்பேனரை ஒதுக்கிவைத்துவிட்டு விரல் நுனியாலேயே பெரும்பகுதி திருகினாள். கடைசியில் ஸ்பேனரால் ஒரு சின்ன இறுக்கு. குழாயை மாட்டினோம்.

சாவியைத் திருப்பினாள். இஞ்சின் பிடித்தது, இரண்டு மூச்சு விட்டது, நின்றுபோனது. மறுபடி திருப்பினாள். மறுபடி நின்றது. அம்மா ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு முன் கண்ணாடி வழியாகத் தோப்பைப் பார்த்தாள். அவள் முகத்தில் சிங்காநல்லூர் மாடி அறையை நான் பார்த்தேன்.

யோசித்தேன். திணறிய இஞ்சினை அணையாமல் வைத்திருக்க அந்த மெக்கானிக் கார்புரேட்டர் திருகுகளை இஷ்டத்துக்குத் திருப்பியிருப்பார். கோளாறுக்கு ஏற்ற வைத்தியம். கோளாறு போனதும் வைத்தியமே கோளாறு. நான் சீட்டில் ஏறி ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து இஞ்சினைப் பிடித்துவைத்தேன், அம்மா ஸ்குரூ டிரைவரால் திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். மிதியிலிருந்து காலை எடுத்தேன். நிற்கவில்லை. ஒரே சீராக ஓடியது. பழைய எண்ணெய் எரிந்து தீரும்வரை கொஞ்ச நேரம் பின்னால் நீலம் தெரிந்தது, பிறகு அதுவும் நின்றது. மறுநாள் புகைப் பரிசோதனையில் வேன் தேறியது. ஆனால் அன்று மத்தியானம் அது எங்களுக்குத் தெரியாது. மண்பாதையில் மாமாவும் வெள்ளகோவில்காரரும் வெயிலில் நடந்து வந்துகொண்டிருந்தது மட்டும் தெரிந்தது. பஸ்ஸில் வந்திருந்தார்கள். திரும்பும்போது வேனில் போய்விடுவதாக ஏற்பாடு.

அம்மா இஞ்சினை அணைக்கவில்லை. எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி பித்தளைத் துண்டைத் தம்பியிடம் நீட்டினாள்.

மாமா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இத எதுக்குங்க்கா கழட்டுனீங்க? மரையைப் பாருங்க, ஒரு நூல் வித்தியாசம் கெடையாது."

"வெளிய வித்தியாசம் கெடையாது. உள்ள ஒண்ணுமே இல்லையே தம்பி."

"பழசுல மட்டும் என்னங்க்கா இருந்துச்சு? ஆட்டிப் பாத்தேன், ஊதிப் பாத்தேன். வெறும் பைப்பு."

"எண்ணெய்ப் பிசுக்குல ஒட்டிக் கெடந்திருக்கும். சீக்கு வந்த வால்வை மாதிரியா வெச்சுக் கடைஞ்சிருக்கறே."

மாமா துண்டைக் காதருகில் கொண்டுபோய், யாரும் பார்க்காதது போல ஒருமுறை ஆட்டினார்.

இதற்குள் வெள்ளகோவில்காரர் வேனைச் சுற்றிவந்து, பின்னால் குனிந்து புகைக் குழாயைப் பார்த்து, இஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டார். முகம் மலர்ந்தது. "வண்டி இப்பிடி ஓடும்னு நீங்க சொல்லவே இல்லீங்களே! இப்பிடின்னா நான் சொன்னதுக்கு மேலயே சேத்துக் குடுத்தர்றனுங்க."

மாமா பிடித்துக்கொண்டார். "பாத்தீங்களாக்கா? நல்ல நேரம். நல்ல வெலைக்குப் போகுது, குடுத்துப்போடலாம்."

"தம்பி, வண்டி கெட்டுப்போச்சு, வித்துப்போடுன்னு சொன்னே. இப்ப நல்லாருக்குது, வித்துப்போடுங்கறே. எப்பிடி இருந்தா விக்க வேண்டாம்னு சொல்லுவே?"

வெள்ளகோவில்காரர் விவரமானவர். தென்னைமரங்களின் காய்ப்பைப் பார்ப்பது போலக் கொஞ்ச தூரம் நடந்துபோனார். மாமா குரலைத் தாழ்த்தி, கடைசியில் உண்மையைச் சொன்னார்.

"ஒறம்பரை சொந்தக்காரங்க ஊட்டுக்குப் போனா என்னையத்தானுங்க்கா கேக்கறாங்க. அக்காளைத் தனியா தோட்டத்துல உட்டுட்டு இவன் பட்டறை நடத்தறான்னு பேசறாங்க. ராத்திரியில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? இந்த வண்டி இருக்குதுன்னுதான நீங்க வர மாட்டேங்கறீங்க?"

"வண்டி இருக்குதுன்னு வராம இருக்கலை. வரக் கூடாதுன்னுதான் வண்டி ஓட்டப் பழகுனேன்." அம்மா நிதானமாகப் பேசினாள். "இது இன்னைக்கு ஓடாம நின்னிருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன். மாட்டு வண்டி வெச்சிருப்பேன், இல்லீன்னா நடந்திருப்பேன். பேசறவங்களை இங்க அனுப்பு. என்னையக் கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கறேன்."

"அந்த ரூமைக் கட்டி வெச்சிருக்கறேனே..."

"ஆரைக் கேட்டுக் கட்டுனே?"

இதெல்லாம் நடக்கும்போது இஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருந்தது. யாரும் குரலை உயர்த்த வேண்டியிருக்கவில்லை. பத்து நாளுக்கு முன் அதே வேன் பக்கத்தில் நின்று பேசினால் கத்த வேண்டும்.

சாப்பாடு முடிந்தது. வெள்ளகோவில்காரர் ரசத்தை இரண்டு முறை வாங்கிக் குடித்தார். மாமா குறைவாகச் சாப்பிட்டார். எழுந்து கை கழுவியதும் இருவரும் மண்பாதையை ஒரு பார்வை பார்த்தார்கள். வெயில் அப்படியே இருந்தது.

அம்மா சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். "ஏறுங்க. கிணத்துக்கடவு பஸ் ஸ்டாண்டுல உட்டர்றேன்."

மாமா பின்சீட்டில் ஏறினார். முன்னால் உட்காரும்படி வெள்ளகோவில்காரர் சொல்லியும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் கோயமுத்தூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. மாமா இறங்கி, கதவைச் சாத்தாமல் ஒரு நொடி நின்றார்.

"போயிட்டு வாரேனுங்க்கா."

"வா. அடுத்த தடவை ஊட்டுல எல்லாத்தையும் கூட்டிட்டு வா. ஒரு போன் போடு, நானே வந்து கூட்டிக்கறேன்."

அவர் கதவைச் சாத்தினார். அம்மா பஸ்ஸுக்குப் பின்னால் வேனைத் திருப்பி, உரக்கடை திறந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, வீட்டுப் பக்கம் ஓட்டினாள்.