ராதாமணியின் பங்கு உடைசல்

ராதாமணியை நினைத்தால் முதலில் எனக்கு அவள் மேல்தான் கோபம் வருகிறது. அப்புறம்தான் என் மேல் வருகிறது. கோவில்பட்டியில் ஒரு கடலை மிட்டாய் கம்பெனியில் பதினோரு வருஷமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாக்கெட் போடுகிறேன். என் பெயர் பத்திரகாளி. பெயருக்கேற்ற வாய் என்று ஷெட்டில் எல்லோரும் சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட வாய் பேச வேண்டிய நேரத்தில் பேசவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ராதாமணி சின்ன வயதிலிருந்தே பூசினாற்போல உடம்புக்காரி. பெண் பார்க்க ஏழு வீட்டார் வந்துபோனார்கள். கடம்பூரிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அம்மா, கொண்டுவந்த போளியைத் தானே தின்றுகொண்டு, "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா. எம் மவன் பைக்குதான் தாங்காது" என்றாளாம். வந்தவர்கள் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள், ராதாமணியின் அப்பாவும் சேர்ந்து. இந்தக் கதையை என்னிடம் நூறு தடவை சொல்லியிருப்பாள். ஒவ்வொரு தடவையும் அப்பா சிரித்ததில்தான் கொண்டுவந்து நிறுத்துவாள்.

இருபத்தொன்பது வயதில் லோடு ஆட்டோ ஓட்டும் முத்துசெல்வம் கிடைத்தான். மறுவருஷம் ஜெயப்பிரியா பிறந்தாள். பிள்ளை கொழுகொழுவென்று இருக்கும். பார்க்கிறவர்கள் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சினால் ராதாமணிக்கு முகம் சுண்டிப்போகும். "இவ என்னய மாதிரி ஆயிரக்கூடாதுக்கா" என்பாள். அந்த ஒரு பயம்தான் அவளுக்கு எப்போதும்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. மிட்டாயைத் துண்டு போடும்போது ஓரமெல்லாம் உடையும். உடைசலைக் கடைக்கு அனுப்ப முடியாது. பதினோரு மணி டீக்கு ஆளுக்கொரு கை கிடைக்கும், சனிக்கிழமை சாயங்காலம் கால் கிலோ பங்கு. எங்கள் பிள்ளைகள் அதைத் தின்றுதான் வளர்ந்தார்கள். ஜெயப்பிரியா பத்து வயதில் ஹாக்கி மட்டையைப் பிடித்தபோது, விடியற்காலம் மைதானத்துக்குப் போகும் அவள் டவுசர் பையிலும் உடைசல்தான் இருந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் புதுக் கவர் வந்தது. பின்பக்கம் கட்டம் போட்டுச் சத்துக் கணக்கு, ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். ராதாமணி எட்டாம் வகுப்பு. எழுத்துக்கூட்டி வாசித்ததில் கலோரி ஐநூற்று இருபது என்று பிடிபட்டது. போதாக்குறைக்கு அவள் போன் வீடியோவில் ஒருத்தி தினமும் வந்து, உடம்பு குறைய ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு கலோரிக்கு மேல் போகக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தாள் இவள்.

"யக்கா, ஒரு துண்டுக்கு ஐநூத்தி இருவது. ரெண்டு தின்னா ஒரு நாள் சோறு தீந்துபோச்சு. இத்தன நாளா வெசத்தையாக்கா தின்னோம்?"

எனக்குச் சந்தேகமாக இருந்தது. சூப்பர்வைசர் சௌந்தரபாண்டியன் அண்ணாச்சியிடம் தனியாகப் போய்க் கேட்டேன். "நூறு கிராமுக்குப் போட்டுருக்கான் தாயி. பத்து துண்டுக்கு அது. ஒரு துண்டுக்கு அம்பத்திரண்டுதான் வரும்" என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

திரும்பி வந்து நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு முழத் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் அன்று சனிக்கிழமை. தன் பங்கு உடைசலை அப்படியே என் பையில் கொட்டி, "ஒம் பயலுகளுக்குக் குடுக்கா, எம் பிள்ளைக்கு வேண்டாம்" என்றாள். எனக்கு மூன்று பையன்கள். எவ்வளவு போட்டாலும் அடங்காத வயிறு. சரி, அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று வாங்கிக்கொண்டேன். அடுத்த வாரமும் அப்படித்தான் நினைத்தேன். நாலு வருஷம் அவள் பங்கை என் வீடு தின்றது. எழுதவே கூசுகிறது.

ராதாமணி வீட்டில் தேங்காய் நின்றது. கடலைச் சட்னி நின்றது. தோசைக்கல்லில் எண்ணெய்க்குப் பதில் தண்ணீர் தெளித்தாள். ஜெயப்பிரியா ஒளித்து வைத்து ஏதாவது தின்று மாட்டிக்கொண்டால் அடிக்கமாட்டாள். கவரைத் திருப்பிக் கையில் கொடுத்து, "வாசி" என்பாள். பிஸ்கட், மிக்சர், பால் பாக்கெட், எல்லாவற்றுக்கும் எண்ணைச் சத்தமாக வாசிக்க வேண்டும். கொஞ்ச நாளில் பிள்ளை கவரைப் பார்க்காமலே சொல்ல ஆரம்பித்தாள். பதினாலு வயதில் அம்மா சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. தட்டில் வைத்ததில் பாதியைத் தானே ஒதுக்கினாள்.

தெரு பூராவும் மெச்சியது. "ஏட்டி ஜெயா, சிக்குனு ஆயிட்டியே" என்று சொல்லாத ஆள் இல்லை. ராதாமணி அதையெல்லாம் ஷெட்டில் வந்து சொல்வாள். அவள் அப்படிப் பூரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நானும், "ஒன் வளப்பு அப்படிட்டி" என்றேன், அவள் உடைசல் என் பையில் இருக்கும்போதே.

இந்தத் தை மாதம் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுத்தார்கள். ஜெயப்பிரியா மைதானத்தில் பாதி தூரம் ஓடி, மட்டையோடு குப்புற விழுந்தாள். ஆஸ்பத்திரியில், பன்னிரண்டு இருக்க வேண்டிய ரத்தம் ஆறுதான் இருக்கிறது என்றார்கள். எட்டு மாதமாக மாதவிலக்கும் வரவில்லையாம். அதைத் தன் அம்மாவிடம்கூட அவள் சொல்லவில்லை. என்ன சாப்பாடு கொடுத்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டதும், ராதாமணி மணிபர்சிலிருந்து மடித்து வைத்த மிட்டாய்க் கவரை எடுத்து நீட்டினாள். நல்ல தாயாகத்தான் வளர்த்தேன் என்பதற்கு அவளிடம் இருந்த அத்தாட்சி அதுதான்.

வெளியே காத்திருந்த என்னிடம் வந்தாள். "பத்து துண்டுக்காம்க்கா அது. நூறு கிராமுக்காம்."

நான் ஆச்சரியப்பட்டிருக்க வேண்டும். எனக்கு நடிக்கத் தெரியவில்லை. அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"ஒனக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்ட்டி."

அவள் என்னைத் திட்டவில்லை. மண்டையில் நாலு போட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். உள்ளே போய்விட்டாள்.

ஜெயப்பிரியாவை வீட்டுக்குக் கூட்டிவந்து மூன்று மாதம் ஆகிறது. போன சனிக்கிழமை ராதாமணி தன் பங்கை வாங்கினாள். என் பங்கையும் அவள் பையில் போட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் கூடவே அவள் வீட்டுக்குப் போனேன். சித்திரை வெயிலில் தகரக் கூரை கொதித்துக்கொண்டிருந்தது, ஜெயப்பிரியாவோ குளிருகிறது என்று போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். கை குச்சியாக இருந்தது.

ராதாமணி தட்டை முன்னால் வைத்தாள். "அம்மா தப்பா வாசிச்சிட்டேன்ட்டி. ஒரு துண்டுக்கு வெறும் அம்பத்திரண்டுதானாம். தின்னு தாயி."

"தெரியும்மா. ஏழாப்பு படிக்கும்போதே தெரியும்."

"பெறகு ஏன்ட்டி திங்கல?"

"அம்பத்திரண்டே கூடுதல்தான."

ராதாமணி துண்டை இரண்டாக உடைத்து நீட்டினாள். பிள்ளை வாயைத் திறக்கவில்லை. அதையும் உடைத்தாள். கடைசியில் ஒட்டியிருந்த பாகைச் சுரண்டிப் போட்டுவிட்டு, ஒரே ஒரு கடலையை விரல்நுனியில் வைத்து உதட்டருகே கொண்டுபோனாள். "இந்த ஒண்ண மட்டும். இதுல என்னட்டி இருக்கு?"

"அஞ்சு" என்று சொல்லிவிட்டு ஜெயப்பிரியா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.