மாப்பிள்ளையின் கிளச்

இலங்கை மலையகத்தில் அட்டனுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் நான் இளைஞனாக வேலை பார்த்த காலம் அது. ஆங்கிலப் பள்ளியில் படித்தவன் என்பதால் இயந்திரப் புத்தகங்களை வாசித்துச் சொல்வதும் என் வேலை. வாசிக்கத் தெரிந்தால் கழற்றிப் பூட்டவும் தெரியும் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

தோட்டத்து லொறி டிரைவர் என் நண்பன். அவனுக்குக் கல்யாணம், பெண் மேல்மலைத் தோட்டத்துப் பெண். மாப்பிள்ளை வீட்டார் போக லொறியைத் தரத் தோட்டத்தை நிர்வகித்த துரை சம்மதித்தார். ஒரே நிபந்தனை, அவனேதான் ஓட்ட வேண்டும். முந்தின நாள் புது கிளச் பிளேட் போட்டு, கியர்பாக்ஸை எஞ்சினோடு சேர்த்துக்கொண்டிருந்தோம். பாதியில் அவனை நலங்கு வைக்க இழுத்துப் போய்விட்டார்கள். மிச்ச வேலை என் கையில்.

கிளச் பெடலை மிதித்தால் முதல் ஓரங்குலம் சும்மா இறங்க வேண்டும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் காலை எடுத்த பிறகும் கிளச் முழுதாகப் பிடிக்காது, பெடல் மேலேயே கால் வைத்து ஓட்டியதுபோல ஏற்றத்தில் வழுக்கும். இது எனக்குத் தெரியும். அளந்துதான் வைத்தேன். ஆனால் கியர்பாக்ஸின் கீழ் போல்ட்டுகளை அப்போது நன்றாக இறுக்கியிருக்கவில்லை. தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பக்கம் தப்பு மேளச் சத்தம் கேட்டது. ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடிவிட்டேன். காலையில் வந்து போல்ட்டுகளை இறுக்கினேன். கியர்பாக்ஸ் எஞ்சினை நெருங்கி, நான் வைத்த இடைவெளியைத் தின்றுவிட்டது. பெடலை நான் மறுபடி பார்க்கவில்லை.

பட்டு வேட்டியும் மாலையுமாக அவன் ஓட்டினான். பின்னால் ஒரே பாட்டு. பாதி ஏற்றத்தில் எஞ்சின் அலறியது, லொறி நகரவில்லை. கருகல் வாடை அடித்தது. முகூர்த்தமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

அவனுடைய தாய்மாமன் எட்டிப் பார்த்தார். "என்னா மாப்ள, பொண்ணு நெனப்புல கிளச்சு மேலயே கால வச்சுக்கிட்டு வந்தீங்களா?"

"சத்தியமா இல்ல மாமா!"

"மொகமே சொல்லுதே!"

சிரிப்பில் லொறி ஆடியது. நான் ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் புகுந்தேன். பெடலிலிருந்து வரும் கம்பியின் நட்டைத் தளர்த்தி இடைவெளி கொடுத்தேன். சூடு ஆறட்டும் என்று எல்லோரும் இறங்கினார்கள். பெண்கள் சீர்த்தட்டுகளோடு முன்னே நடக்க, தப்புக்காரர்கள் ரோட்டிலேயே ஆடினார்கள். பிறகு லொறி முனகாமல் ஏறியது. முகூர்த்தம் தப்பவில்லை.

"படிச்ச புள்ள இல்லாட்டி இன்னைக்குத் தாலி ஏது!" என்று மாமன் எனக்கும் ஒரு மாலை போட்டார். குனிந்து வாங்கிக்கொண்டேன்.

அந்த மலைப் பாதையில் அவனைப் போலச் சுத்தமாக ஓட்டியவனை நான் கண்டதில்லை. ஆனாலும் 'கிளச் மாப்பிள்ளை' என்ற பெயர் அவனுக்கு ஒட்டிக்கொண்டது. மறுத்து மறுத்து அலுத்துப்போய் அவனே, "ஆமா, அவ நெனப்புதான்" என்று சொல்லத் தொடங்கினான். நான் போகும்போதெல்லாம் அவன் மனைவி தேநீர் ஊற்றியபடி, "அன்னைக்கே என் மேல அம்புட்டு ஆசைண்ணே இவருக்கு" என்பாள். அவள் முகத்தைப் பார்த்தபின் எப்படிச் சொல்வது? இப்போது பேரப்பிள்ளைகளும் அவனை அதைச் சொல்லியே சீண்டுகிறார்கள்.

தங்கச்சி, உன் புருஷன் அன்று உன்னை நினைத்துக்கொண்டுதான் ஓட்டினான். அது பொய்யில்லை. கால் மட்டும் பெடல் மேல் இல்லை.