அன்னபேதி உப்பு

அடி அண்ணாமலையில் யார் கொல்லையில் பயிர் வெளுத்தாலும், இலையைக் கிள்ளிக்கொண்டு எங்கப்பா வேணுவிடம்தான் வருவார்கள். கீழ் இலை மஞ்சளானால் தழைச்சத்து கம்மி, குருத்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து கம்மி என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவார்.

போன மார்கழியில் எங்கள் மல்லாட்டைச் செடியே, அதுதான் வேர்க்கடலை, குருத்து வெளுத்தது. அன்றைக்கே இரும்புச்சத்துள்ள அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளித்தார். பத்தே நாளில் பச்சை திரும்பியது.

அந்த மாதமே அம்மா கொல்லையில் மயங்கி விழுந்தாள். மூச்சு வாங்குதுன்னு அவள் சொன்னபோதெல்லாம், "சும்மா படுத்துக்கினே இருந்தா அப்படித்தான்" என்று எரிந்து விழுந்தவர் அப்பா. "உடம்புல ரத்தமே இல்லியே, இத்தன நாள் யாருமே பாக்கலியா?" என்றார் டாக்டர். மூன்றாம் நாள் செத்துப்போனாள்.

வெளுத்த இலையை முதலில் பறித்து வந்து காட்டியதே அம்மாதான். அப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதை நீட்டிய அவள் உள்ளங்கை இலையைவிட வெளுத்திருந்தது.