திங்கட்கிழமைக் காய்ச்சல்

கல்யாணமான புதிதில் என் கணவருக்குத் திங்கட்கிழமை தவறாமல் காய்ச்சல் வந்தது. சாயங்காலம் வெல்டிங் பட்டறையிலிருந்து வந்ததும் நடுங்கிக்கொண்டு போர்த்திப் படுப்பார்; செவ்வாய் காலையில் ஒன்றுமே நடக்காதவர்போல வேலைக்குக் கிளம்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் காரோடு ஊரிலிருக்கும் என் அம்மா வீட்டுக்குப் போவது வழக்கம். அங்கே மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். மாமியாருக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

"உனக்க அம்மெ வைக்குத மீனாக்கும் அவனுக்குச் சேராத்தது," என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வாரம் வீம்புக்கென்றே அம்மா வீட்டுக்குப் போகவில்லை. காய்ச்சல் வந்தது. அது போன வாரத்து மீன் என்றார் மாமியார். அவரிடம் பேசி ஜெயிக்க முடியாது.

அடுத்த திங்கட்கிழமை பால் விடாமல் கட்டன்சாயா போட்டு எடுத்துக்கொண்டு பாறசாலைப் பட்டறைக்கே போனேன். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் கண்ணில் வெளிச்சம் அடிக்குமே என்று கணவர் ஷட்டரை முக்கால்வாசி இறக்கியிருந்தார். உள்ளே ஜி.ஐ. பைப்பில் ஒரு கேட். சுற்றிலும் வெள்ளைப் புகை. முகத்தில் நனைத்துக் கட்டிய துவர்த்துத் துண்டு. அது போதும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. வேலை முடியும்வரை உள்ளேயே நின்றுவிட்டு அவரோடு நானும் சாயா குடித்தேன். சீனி போடாத சாயா நாக்கில் தித்தித்தது.

"எப்பவும் இப்பிடியா இருக்கும்?" என்று கேட்டேன்.

"திங்களாழ்ச்ச சாயா இனிக்கும். ஞாயித்துக்கிழம மிஞ்சின சீனிய கடைக்காரன் அள்ளிப் போடுகான்னு நெனச்சேன்," என்றார்.

இது கடைச் சாயா இல்லை, நான் போட்டது; இனிப்பு அந்தப் புகையில்தான் இருக்கிறது என்று பட்டது. அப்படியே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். பைப்பின் துத்தநாகப் பூச்சு எரிந்து வருகிற புகைதான் காய்ச்சலுக்குக் காரணம், ஓய்வு எடுத்துத் திரும்பும் முதல் நாளில்தான் கடுமையாக அடிக்கும், துவர்த்தால் பிரயோஜனமில்லை என்றார் டாக்டர்.

பிறகு வேலை பின்பக்கத்து வெட்டவெளிக்கு மாறியது. தெருப்பக்கம் ஒரு தகர மறைப்பு வைத்தார். ஒட்டும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்று பக்கவாட்டில் வீச, புகைக்கு வெளியே தலையை வைத்து நிற்கப் பழகினார். காய்ச்சல் நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தில் மாமியாரை மன்னித்தேவிட்டேன்.

அந்த ஞாயிறு காரோட்டில் எங்களுக்கெல்லாம் மீன்கறி, அவருக்கு மட்டும் கஞ்சியும் பயறும் வந்தது. மாமியாரின் பேச்சு எப்படியோ அங்கேயும் எட்டியிருந்தது. புகையின் கதையை அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்பம் எனக்க கைக்கு ஒரு கொறையும் இல்ல, இல்லியா மக்கா?" என்றாள்.

அவர் கஞ்சியை ஓரமாக நகர்த்தினார்.

"மீன் இன்னும் உண்டா, மாமி?"