கத்தெல்லோவைத் தோண்டி எடுக்கும் நாள்

புருஷனைத் தோண்டி எடுக்கும் நாளில் எந்தப் பெண்ணாவது வேலைக்குப் போவாளா? கொன்சீலியா போனாள். அதுவும் வேறொரு வழிகாட்டிக்கு விழுந்திருந்த முறையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். காலையில் பொம்பேயி இடிபாடுகள், நடுப்பகலில் மலைச்சரிவில் சாப்பாடு, அப்புறம் வெசுவியோ எரிமலையின் வாய் வரை ஒரு நடை, ஐந்து மணிக்கு நேப்பிள்ஸில் கொண்டுபோய் இறக்கிவிடுவது. இருபத்தாறு வருடமாக அவளுக்கு இதுதான் பிழைப்பு. அதில் இருபத்து நான்கு வருடம் சுற்றுலா வண்டியை ஓட்டியவன் அவள் புருஷன் கத்தெல்லோ.

எங்கள் பக்கத்தில் ஆளைப் புதைத்ததோடு காரியம் முடிந்துவிடாது. இரண்டு வருடம் கழித்துத் தோண்டி, எலும்பைத் துடைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி, சின்னப் பெட்டியில் போட்டுக் கல்லறைச் சுவரின் மாடத்தில் ஏற்ற வேண்டும். அன்றைக்குத்தான் அந்த மனிதர் போய்ச் சேர்ந்தார் என்று கணக்கு. வீட்டார் கூட நிற்க வேண்டும். மனைவி இருந்தால் துணியை அவள்தான் விரிக்க வேண்டும். கத்தெல்லோவுக்கு அக்டோபர் கடைசிச் செவ்வாய், காலை ஒன்பது மணி என்று கடிதம் வந்திருந்தது.

முந்தின நாளே அவனுடைய அக்கா பிலோமினா வந்து சமையலறையில் உட்கார்ந்துகொண்டாள்.

"லீவு சொல்லிட்டியா?"

"இல்ல அண்ணி. நாளைக்குப் பதினெட்டுப் பேர் இருக்காங்க."

"பதினெட்டுப் பேரா? அவனுங்க என்ன உனக்கு மாமனா மச்சானா? உன் புருஷனை வெளியில எடுக்கிறாங்கடி!"

"நீங்க இருக்கீங்கல்ல. தினமும் எலும்புக்கூட்டு முன்னாலதான் நிக்கிறேன். இதுல புதுசா பார்க்க என்ன இருக்கு?"

பிலோமினா சிலுவைக்குறி போட்டுக்கொண்டு எழுந்தாள். போகும்போது கதவைச் சாத்திய சத்தம் தெருமுனை ரொட்டிக்கடை வரை கேட்டிருக்கும்.

கொன்சீலியா சொன்னது பொய். எலும்புக்கு அவள் பயப்படவில்லை. அங்கே போய் நின்றும் மனதில் ஒன்றுமே அசையாமல் போய்விட்டால் என்ன செய்வது, அதற்குத்தான் பயந்தாள். இரண்டு வருடமாக அவள் மரத்துப்போய்க் கிடந்தாள். பல் பிடுங்கப் போனால் ஊசி போட்டபின் கன்னம் இருக்குமே, அந்த மாதிரி. தொட்டால் தொடுவது தெரியும், அவ்வளவுதான். கத்தெல்லோவை அடக்கம் செய்த அன்று தேவாலய வாசலில் அவள் செய்த காரியத்தை ஊர் இன்னும் பேசுகிறது. ஊர்வலம் கிளம்பும் நேரத்தில் கையைத் தூக்கிக்கொண்டு தலைகளை எண்ணினாள். நாற்பத்திரண்டு பேர். ஒன்று குறைகிறது என்று சவப்பெட்டியை நிறுத்திவைத்துவிட்டு, சிகரெட் பிடிக்கப் போயிருந்த பெரியப்பா மகனைக் கூட்டிவரச் சொன்னாள். வாய் தானாகவே, "எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாம்" என்றது. பழக்கதோஷம். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அடுத்த மூன்று நாள் அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொண்டுவந்த சாப்பாட்டை ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். அதற்கும் பேச்சு. அழாத பெண்ணைக்கூட எங்கள் ஊர் பொறுத்துக்கொள்ளும், பசிக்கிற விதவையைப் பொறுத்துக்கொள்ளாது.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் பொம்பேயியில் மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தாள். ராத்திரி பெய்த மழையில் கல்பாவிய தெரு பளபளவென்றிருந்தது. ரொட்டிக்கடை அடுப்பு, குளியல் கூடம், வண்டிச் சக்கரத் தடம், விலைமாதர் வீடு. அந்த வீட்டுக்கு முன்னால் மட்டும் எல்லோருக்கும் சந்தேகம் வரும். எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் அதே சந்தேகம்தான். அவளும் அதே பதிலைச் சொன்னாள். வழக்கமான இடத்தில் வழக்கம்போலச் சிரித்தார்கள். இந்நேரம் தோண்ட ஆரம்பித்திருப்பார்கள் என்று நினைத்தாள். நினைத்துப் பார்த்தும் ஒன்றும் ஆகவில்லை.

எரிமலை வெடித்த அன்று தப்பி ஓட முயன்றவர்கள் விழுந்து கிடக்கும் தோட்டத்துக்கு வந்தபோது கைபேசி அடித்தது.

"மழையில குழியெல்லாம் சேறாயிருக்காம்," என்றாள் பிலோமினா. "மத்தியானம் மூணு மணிக்குத்தான் எடுப்பாங்களாம். இனிமே உனக்குச் சாக்குச் சொல்ல வழியில்ல. நான் இங்கயேதான் உட்கார்ந்திருக்கேன்."

கைபேசியை வைத்துவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகக் கிடந்த பதின்மூன்று உருவங்களைக் காட்டினாள். சாம்பல் இறுகியது, உடம்பு மக்கியது, உள்ளே ஆள் வடிவத்தில் ஒரு வெற்றிடம் மட்டும் மிஞ்சியது, பிற்காலத்தில் அந்தப் பள்ளத்தில் சுண்ணச்சாந்தை ஊற்றி எடுத்தார்கள். எல்லாவற்றையும் நான்கு நிமிடத்தில் சொல்லி முடித்தாள். வெள்ளைத் தலையோடு, கையில் ஊன்றுகோலோடு ஒரு கனடாக்காரி நின்றிருந்தாள். பெயர் மார்ஜரி.

"எரிமலை அடங்கின பிறகு இவங்களைத் தேடி யாராவது வந்தாங்களா?" என்று கேட்டாள்.

"வந்தாங்க. சுரங்கம் மாதிரி குடைஞ்சு உள்ளே இறங்கியிருக்காங்க. சிலை, சலவைக்கல், நகை, கிடைச்சதை எடுத்துட்டுப் போனாங்க."

"ஆளுங்களை?"

"ஆளுங்களை எடுத்துட்டுப் போக யாரும் வந்ததாத் தெரியல." இதுவும் அவளுக்கு மனப்பாடம்தான். குடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

மலைச்சரிவுத் திராட்சைத் தோட்டத்தில் சாப்பாடு. பயணிகளுக்கு வெளியே கொடிப்பந்தலின் கீழ் நீள மேசை. வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் அடுக்களை வாசலில் ஒரு சின்ன மேசை. கொத்தாகக் கட்டித் தொங்கவிட்ட குட்டித் தக்காளியில் செய்த சேமியா மாதிரி நீளமான பாஸ்தா, அவித்த பீன்ஸ், ஒரு துண்டுப் பாலாடைக்கட்டி. இந்த மலையைப் பார்த்துக் கிறிஸ்து அழுதார், அந்தக் கண்ணீர் விழுந்த இடத்தில் முளைத்த கொடி இது என்று திராட்சை மதுவின் கதையைச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். கத்தெல்லோவுக்குப் பின் வந்த ஓட்டுநர் அனியெல்லோ அதற்குள் பாதித் தட்டைக் காலி செய்திருந்தான். நாற்பது வயது, வாய் ஓயாதவன்; ஊரார் போல அவனும் அவளை மரியாதையாகத் 'தொன்னா', அதாவது அம்மா, என்றுதான் கூப்பிடுவான்.

"தொன்னா கொன்சீ, உங்க நாத்தனார் எனக்குப் போன் பண்ணாங்க."

"உன் நம்பர் அவளுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"என் மாமியார் கொடுத்திருக்கா. அதை விடுங்க. மேல வாசல்ல எரிமலைப் பூங்காவோட ஆளு வந்து இவங்களைக் கூட்டிட்டுப் போயிடுவான். ரெண்டு மணி நேரம் நீங்க காப்பிக்கடையில குந்திக்கிட்டு ஈ ஓட்டுவீங்க. அதுக்குள்ள நான் உங்களைக் கல்லறையில விட்டுட்டு, திரும்பக் கூட்டிட்டும் வந்துடுவேன்."

"தேவையில்ல. இன்னைக்கு நானும் மேல ஏறுறேன்."

அனியெல்லோவுக்குப் புரையேறியது. "நீங்களா? முட்டி வலின்னு பதினோரு வருஷமா அந்தப் பக்கம் தலைவைச்சுப் படுக்காதவங்களா? செத்த மனுஷனுக்குப் பயந்து எரிமலையில ஏறுற ஒரே ஆள் நீங்கதான்."

"வாயை மூடிட்டுச் சாப்பிடு."

அவன் வாயை மூடவில்லை, குரலைத் தணித்துக்கொண்டான். "எங்க அப்பாவை எடுத்தப்போ நான் போகல. துபாய்ல வேலைன்னு சொல்லிட்டேன். எங்கம்மா தனியா துணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாளாம். அதை இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டினதில்ல. சொல்லிக் காட்டியிருந்தா தேவலை."

அவள் ரொட்டித் துண்டால் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டு முடித்தாள். ருசி தெரியவில்லை. உப்பு இருந்ததா இல்லையா என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

இரண்டு மணிக்கு மலை வாசலில் பூங்காவின் ஆள் வந்து கூட்டத்தைப் பொறுப்பேற்றுக்கொண்டான். கடைசி ஆளாக இவளும் ஏறுவதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். சிவப்பும் கறுப்புமான பொடிக்கல் பாதை. ஒரு அடி வைத்தால் அரை அடி சறுக்கும். முட்டி முதல் வளைவிலேயே முனக ஆரம்பித்துவிட்டது. கீழே வளைகுடா முழுவதும் தெரிந்தது. கடலோரமாக வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. நடுவில் எங்கள் ஊர், ஊருக்கு மேலே சைப்ரஸ் மரங்கள், அந்த மரங்களுக்குள் கல்லறை. எதைப் பார்க்கக் கூடாது என்று ஏறினாளோ அது உள்ளங்கை மாதிரி அப்படியே கிடந்தது.

மார்ஜரி ஊன்றுகோலில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். "காலையில நீங்க சொன்னது எனக்குச் சாப்பாட்டு நேரத்திலயும் மனசை விட்டுப் போகல," என்றாள். "பொருளைத் தேடி வந்திருக்காங்க. மனுஷங்களைத் தேடி ஒருத்தரும் வரலையே. பாவம் இல்லையா?"

"அவங்க வீட்டு ஆளுங்களும் செத்திருப்பாங்க, அம்மா."

"எல்லாருமேவா? ஒருத்தர்கூடவா மிஞ்சல?"

கொன்சீலியாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்தக் கிழவிக்கு என்ன தெரியும், எங்கிருந்தோ வந்து என்னைக் கேள்வி கேட்கிறாள் என்றிருந்தது. அடுத்த நொடியே, நாம் இப்போது கோபப்படுகிறோம் என்பதே அவளுக்கு ஆச்சரியமாகத் தோன்றியது. இரண்டு வருடத்தில் அவளுக்கு யார் மேலும் கோபம் வந்ததில்லை.

"மிஞ்சியிருப்பாங்க," என்றாள். "நீங்க மெதுவா ஏறுங்க. நான் கீழே போறேன்."

சறுக்கிக்கொண்டே இறங்கினாள். ஒரு இடத்தில் உட்கார்ந்தபடியே நகர்ந்தாள். வாசலுக்கு வந்தால் அனியெல்லோ வண்டியை நிறுத்துமிடத்தில் விடவே இல்லை. சாலையில், முகப்பை இறக்கத்தைப் பார்த்துத் திருப்பி, இயந்திரத்தை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் கதவைத் திறந்துவிட்டான். பதினெட்டு இருக்கைகளும் காலியாகக் கிடந்த அந்தப் பெரிய வண்டியில் அவள் ஒருத்தி மட்டும் உட்கார்ந்து மலையிறங்கினாள்.

மூன்று அடித்துப் பத்து நிமிடம். சேவேரியோ என்கிற வெட்டியான் குழியில் முழங்கால் வரை இறங்கி நின்றிருந்தான். மேட்டில் பிலோமினா, காலடியில் எலும்பு துடைக்கச் சாராயப் புட்டியும் பஞ்சும், மடித்த வெள்ளைத் துணியும். அவள் கொன்சீலியாவின் பின்புறமெல்லாம் சிவப்பு மண் அப்பியிருந்ததைப் பார்த்தாள். துணியின் ஒரு முனையை அவள் கையில் கொடுத்தாள்.

பெட்டியின் மூடி நெம்பியதும் உளுத்த பலகை போலப் பிளந்து வந்தது. சேவேரியோ குனிந்து உள்ளே பார்த்தான். ஒரு கம்பியால் மெல்லத் தொட்டுப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து தொப்பியைக் கழற்றினான்.

"ஆகல, தொன்னா. உடம்பு இன்னும் காயல, சதை எலும்பை விடல. மண்ணு ஈரம். மூடித்தான் ஆகணும், இன்னும் ஒரு வருஷம்."

பிலோமினா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "என் தம்பி! என் தம்பிக்கு இன்னும் விடுதலை கிடைக்கலையே!" சட்டென்று திரும்பினாள். "எல்லாம் உன்னாலதான்டி. பொண்டாட்டி ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு அனுப்பியிருந்தா அவன் போயிருப்பான். நீ பிடிச்சுவச்சிருக்க. கல்லு மாதிரி பிடிச்சுவச்சிருக்க."

கொன்சீலியா துணியைக் கீழே வைத்துவிட்டுக் குழியோரத்தில் மண்டியிட்டாள். வேண்டாம் தொன்னா, பார்க்காதீங்க என்று சேவேரியோ குறுக்கே கை நீட்டினான். அவள் பார்த்தாள். வெளிநாட்டில் இருக்கும் மகளின் கல்யாணத்துக்குத் தைத்த நீலக் கோட்டு. அதன் கைக்கு வெளியே கறுத்துச் சுருங்கிய ஒரு கை, நகத்தோடு. அது சாந்தும் இல்லை, பள்ளமும் இல்லை. கையேதான்.

நெஞ்சுக்குள் ஏதோ புரண்டது. துக்கம் என்று முதலில் நினைத்தாள். ஆனால் அது துக்கம் இல்லை. அது என்னவென்று தெரிந்தபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"அண்ணி, எனக்குச் சந்தோஷமா இருக்கு."

"என்னது?"

"போயிட்டார்னுதான் நினைச்சிருந்தேன். இன்னும் போகலையே."

பிலோமினா வாயைத் திறந்தாள், திட்டத்தான் திறந்தாள். ஆனால் மண்ணில் நகர்ந்து வந்து அவள் பக்கத்திலேயே மண்டியிட்டாள்.

சேவேரியோ பெட்டியின் மேல் புதுப் பலகையைப் போட்டான். பிறகு ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினான். மறுபடி மூட வீட்டார் கையெழுத்து வேண்டும். கொன்சீலியா பேனாவை வாங்கினாள். இருபத்தாறு வருடமாக நாளுக்கு நாலு தரம் கிறுக்கும் கையெழுத்து, முதல் எழுத்துக்கு மேல் நகரவில்லை. பிலோமினா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கையுமாகச் சேர்ந்து எழுதி முடித்தார்கள்.

முதல் மண்வெட்டி மண் விழுவதற்குள் அவள் குழிக்குள் எட்டிப் பேசினாள். குரல் உடைந்து, மூக்கு ஒழுகி, கண்ணீர் தாடையில் வழிந்துகொண்டிருந்தது.

"அடுத்த தடவை லீவு போட்டுட்டு வரேன்யா."