கறுப்பு வெள்ளையில் தெரியாத மஞ்சள்

என் அண்ணன் கம்பெனி பஸ் ஓட்டினார். குருண் ஊரில் இருக்கும் தன் வீட்டிலிருந்து விடிவதற்கு முன்பே பஸ்ஸை எடுத்து, பழைய தோட்டங்களை ஒட்டிய தாமான் குடியிருப்புகளில் காத்து நிற்கும் ஆட்களை ஏற்றி, கூலிம் தொழிற்பேட்டையில் கொண்டுபோய் இறக்குவார். அதே பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் நான் டெக்னீஷியனாக இருக்கிறேன். வீடு பாக்கார் ஆராங்கில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு நாட்களில் கேமராவும் கணினியும்தான் துணை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

கர்வம் முக்கியமாகக் கறுப்பு வெள்ளைப் படங்களில். டிஜிட்டல் கேமரா எல்லாவற்றையும் வண்ணத்தில்தான் பதிகிறது. அதைக் கறுப்பு வெள்ளையாக்க ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் படம் சாம்பல் பூசியதுபோல வரும். சிவப்புச் சேலையும் பின்னால் இருக்கும் பச்சை இலையும் ஒரே சாம்பலாகிவிடும். அதனால் ஒவ்வொரு வண்ணத்தையும் தனித்தனியாகப் பார்த்து, எது எவ்வளவு வெளுக்க வேண்டும், எது எவ்வளவு கறுக்க வேண்டும் என்று நாமே முடிவு செய்ய வேண்டும். திரையில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் கூட்டிக் குறைக்க ஒரு கோடு இருக்கும். நீலக் கோட்டைக் குறைத்தால் வானம் மழைக்கு முந்தியதுபோல இருளும். ஆரஞ்சுக் கோட்டைக் கூட்டினால் நம் ஆட்களின் தோல் வெளுக்கும். சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்டதெல்லாம் அதைத்தான். நான் மறுத்துவிடுவேன். இருக்கிற முகத்தை மாற்றக் கூடாது என்பது என் கொள்கை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் மகளுக்கு இருபத்தோரு வயது நிறைந்தபோது, வீட்டுக்கு முன்னால் பாதி ரோட்டை அடைத்துக் கூடாரம் போட்டார்கள். மஞ்சளும் வெள்ளையுமாகத் துணி. இனி அவள் பொறுப்பு அவள் கையில் என்பதற்கு அடையாளமாக, தங்க நிறக் காகிதம் ஒட்டிய பெரிய சாவி ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். அண்ணன் அன்றைக்கு லீவு போட்டிருந்தார். மகள் வாங்கிக் கொடுத்த மெரூன் சட்டையைப் போட்டுக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் தானே சோறு போட்டார். தான் மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை. எண்ணெய்ப் பலகாரம் சேரவில்லை, வயிறு ஊதினாற்போல இருக்கிறது என்று அண்ணியிடம் சொன்னதைக் கேட்டேன். இளைத்தும் இருந்தார். வீட்டில் விசேஷம் வைத்தால் அலைச்சல் இருக்கும்தானே என்று நினைத்தேன்.

மாலையில் கூட்டம் குறைந்ததும் என் பக்கத்தில் வந்து நின்றார்.

“பஸ்ஸோட ஒண்ணு எடு தம்பி. இத்தன வருசமா ஓட்டுறேன், அதோட ஒரு படம் இல்ல.”

பஸ் தெருக்கோடியில் புல்வெளி ஓரமாக நின்றிருந்தது. அங்கே கூடாரம் இல்லை, மரம் இல்லை, மேலே திறந்த வானம். கதவுப் படியில் ஒரு காலை வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிரிக்கச் சொன்னேன். சிரிக்கத் தெரியாது என்றார். சொன்னபிறகு சிரித்துவிட்டார். அந்த நேரத்தில் எடுத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து படங்களைப் பார்த்தேன். கூடாரத் துணியின் நிறம் இறங்கி எல்லோர் முகமும் மஞ்சளாக இருந்தது. பிறந்தநாள் பெண்ணின் முகமும் அப்படித்தான். இப்படிப்பட்ட படங்களைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்த வழி கறுப்பு வெள்ளைதான். எல்லாவற்றையும் மாற்றுவது என்று முடிவு செய்தேன். பஸ் படத்துக்கு அது தேவையே இல்லை. வெளிச்சம் சுத்தமாக இருந்தது. ஆனாலும் எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று அதையும் எடுத்துக்கொண்டேன்.

அண்ணன் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணின் வெள்ளை மஞ்சள் வெண்ணெய் நிறத்தில் இருந்தது. கறுப்பு வெள்ளையில் அது மங்கிய சாம்பலாகத் தெரிந்தது. முகம் சோர்ந்துபோன மாதிரி ஆகிவிட்டது. மஞ்சள் கோட்டைக் கூட்டினேன். கண் வெளுத்தது. இன்னும் கொஞ்சம் கூட்டினேன். பளிச்சென்று ஆனது.

ஒரு கணம் என் கை நின்றது. திறந்த வெளியில் எடுத்த படத்தில் மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று ஒரு கேள்வி வந்தது. தூக்கம் கெட்டவர், தூசியிலும் வெயிலிலும் வண்டி ஓட்டுகிறவர், கண் அப்படித்தான் இருக்கும் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். அடுத்த படத்துக்குப் போய்விட்டேன்.

படங்களை அனுப்பியதும் அண்ணன் கூப்பிட்டார். பத்து வயது குறைந்த மாதிரி இருக்கிறதாம். பஸ் படத்தை வாட்ஸ்அப்பில் தன் முகப்புப் படமாக வைத்துக்கொண்டார். பஸ்ஸில் வருகிற பெண்கள் அதைப் பார்த்து, பெண் பார்க்கப் போகிறீர்களா என்று கேலி செய்தார்களாம். அதைச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு ஏழு வாரம் போனது. நடுவில் உடம்பு அரிக்கிறது என்றார். இரவெல்லாம் சொறிந்துகொண்டே இருக்கிறார் என்று அண்ணி சொன்னார். சூடு என்று இளநீர் குடித்தார், எண்ணெய் தேய்த்துக் குளித்தார், சோப்பை மாற்றினார். நான் ஷிப்டு மாறி இரவு வேலையில் இருந்தேன். அந்த ஏழு வாரத்தில் அவரை நேரில் பார்க்கவில்லை. கைப்பேசியில் பேசும்போதெல்லாம் எனக்குத் தெரிந்தது நான் வெளுக்க வைத்த அந்தச் சின்னப் படம்தான்.

கடைசியில் அதைக் கண்டு சொன்னது பஸ்ஸில் வருகிற ஒரு மலாய்ப் பெண். இறங்கும்போது நின்று, அவர் முகத்தைப் பார்த்து, “அபாங், மாத்தா கூனிங்” என்றாளாம். அண்ணே, கண் மஞ்சளாக இருக்கிறது, கிளினிக்குக்குப் போங்கள் என்று அவள் வற்புறுத்தியதால் அண்ணன் அன்றைக்கே போனார். கிளினிக்கிலிருந்து சுங்கைப் பட்டாணி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, கணையத்தில் கட்டி, அது பித்தக் குழாயை அடைத்திருக்கிறது என்றார்கள்.

மருத்துவமனைக்கு அண்ணனையும் அண்ணியையும் காரில் கூட்டிப்போனவன் நான். டாக்டர் இளம்பெண், நம் ஆள். எதையோ எழுதிக்கொண்டே கேட்டார்.

“கண்ணு மஞ்சளானத எப்ப கவனிச்சீங்க?”

“ஒரு வாரம் இருக்கும் டாக்டர்” என்றார் அண்ணி. அவருக்குத் தெரிந்தது அதுதான். அண்ணனும் தலையாட்டினார். டாக்டர் ஒரு வாரம் என்று எழுதிக்கொண்டார். நான் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தேன். வாய் திறக்கவில்லை. டாக்டர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தேன். வண்ணப் படங்களை நான் அழிப்பதில்லை. பஸ் படத்தைப் பெரிதாக்கினேன். சந்தேகமே இல்லை. கண் மட்டுமில்லை, கழுத்து, உள்ளங்கை, கைப்பிடியைப் பிடித்திருந்த விரல் எல்லாம் மஞ்சள். பின்னால் பஸ்ஸின் வெள்ளைக் கதவு வெள்ளையாகவே இருந்தது. அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். படம் எடுக்கத் தெரிந்தவன் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இரண்டு நாள் கழித்து டாக்டரை நடைபாதையில் தனியாகப் பிடித்தேன். ஏழு வாரம் முன்னாலேயே கூட்டி வந்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்குமா என்று கேட்டேன். எதற்காக ஏழு வாரம் என்று அவர் கேட்கவில்லை. இந்த நோயில் மஞ்சள் தெரியும்போதே பெரும்பாலும் உள்ளே பரவியிருக்கும், ஆனால் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார். அந்தச் சொல்ல முடியாது என்ற வார்த்தையை வைத்துக்கொண்டுதான் இன்றுவரை இருக்கிறேன். சில நாள் அது எனக்குச் சாதகமாக இருக்கும். சில நாள் இருக்காது.

அண்ணனிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு மத்தியானம், அண்ணி சாப்பாடு வாங்கக் கீழே போயிருந்த நேரம், படத்தைக் கைப்பேசியில் எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

“இது அன்னிக்கு எடுத்ததா?”

“ஆமாண்ணே. கலர்ல இப்படித்தான் இருந்துச்சி. நான்தான் கண்ண வெள்ளையாக்கிட்டேன். பார்த்துட்டும் கேக்காம விட்டுட்டேன்.”

அவர் விரலால் படத்தைப் பெரிதாக்கினார். வெகுநேரம் பார்த்தார். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள்.

“பஸ்ஸு கண்ணாடியில நானும்தான் பார்த்தேன்” என்றார். “கண்ணாடி பழசு, அதான்னு நெனச்சேன்.”

அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று எனக்குத் தெரியாது. பஸ் கண்ணாடியில் அவர் தன் முகத்தைப் பார்க்கிற ஆளா என்று யோசித்திருக்கிறேன். சவரம் செய்யக்கூட அண்ணி ஞாபகப்படுத்த வேண்டும் அவருக்கு.

கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணிகிட்ட காட்டாத. தினம் பக்கத்துல படுத்திருந்தவ. எனக்குத் தெரியாமப் போச்சேன்னு காலம் பூரா அழுவா.”

சரி என்றேன். அண்ணி சோற்றுப் பொட்டலத்தோடு வந்தபோது நாங்கள் பஸ்ஸை யார் ஓட்டுகிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

நாலு மாதம் இருந்தார். அடைப்பை எடுக்க ஒரு குழாய் வைத்தார்கள். மஞ்சள் இறங்கியது. கண் பழையபடி வெளுத்தது. ஆனால் ஆள் இளைத்துக்கொண்டே போனார். கடைசி மாதம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். ஒரு வெள்ளிக்கிழமை காலை, அண்ணி முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருக்கும்போது போய்விட்டார். கம்பெனி பஸ்ஸில் வந்தவர்கள் ஷிப்டு முடிந்து சீருடையோடே வந்து நின்றார்கள். கண்ணைப் பார்த்துச் சொன்ன அந்தப் பெண் யார் என்று கேட்க நினைத்தேன். யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

காரியத்துக்குப் படம் வேண்டியிருந்தது. அண்ணி அந்தப் பஸ் படத்தைத்தான் கேட்டார். அவர் முகத்தில் அவ்வளவு சிரிப்பு வேறு எந்தப் படத்திலும் இல்லை என்றார். சட்டம் போட்டு மாட்டப்போகிறோம், வண்ணத்தில் கொடு என்றார்.

“கலர்ல இல்ல அண்ணி. எடுக்கும்போதே கறுப்பு வெள்ளையிலதான் எடுத்தேன்.”

அண்ணனுக்குக் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றினேன் என்று அதைச் சொல்லலாம். அந்த நேரத்தில் எனக்கு அண்ணன் ஞாபகம் வரவில்லை. என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சொன்னேன்.

அண்ணன் மகள் அதை அதோடு விடவில்லை. கைப்பேசியில் ஏதோ செயலி இருக்கிறதாம், கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொடுத்தால் அதுவே யோசித்து வண்ணம் போட்டுவிடுமாம். பத்து நிமிடத்தில் செய்து கொண்டுவந்தாள். புல் பச்சையாக இருந்தது. வானம் நீலமாக இருந்தது. அண்ணனின் தோல் நல்ல ஆரோக்கியமான மாநிறத்தில் இருந்தது. சட்டை மட்டும் நீலமாகிவிட்டது. அண்ணி அதைப் பார்த்ததும் சட்டை இந்த நிறம் இல்லையே என்றார். மகள் மறுபடி உட்கார்ந்து மெரூனாக மாற்றினாள்.

“கண்ணு எவ்ளோ கிளியரா வந்திருக்கு பாருங்க சித்தப்பா” என்று என்னிடம் காட்டினாள்.

நன்றாக வந்திருக்கிறது என்றேன்.

அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கி, மாலை போட்டு, கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். பதினாறாம் நாள் சாப்பிட வந்தவர்கள் அதன் கீழே உட்கார்ந்து, எப்படி இருந்த மனுஷன், ஆறேழு மாதத்துக்கு முன்னால்கூட எவ்வளவு தெளிவாக இருந்திருக்கிறார், எங்கிருந்து வந்தது இந்த நோய் என்று பேசிக்கொண்டார்கள். அண்ணியும் நிமிர்ந்து பார்த்து, “அப்ப ஒண்ணுமே இல்லையே” என்றார். நான் தண்ணீர்க் குவளைகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன்.

இப்போது எனக்குப் படம் எடுக்கக் கை வருவதில்லை. யாராவது விசேஷத்துக்குக் கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையில் பேசும்போது எதிரில் இருப்பவர் கண்ணைத்தான் முதலில் பார்க்கிறேன். சிலருக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிகிறது. விட முடியவில்லை.

போன மாதம் வருடத் திதி வந்தது. அதற்கு முந்தின நாள் அண்ணன் மகள், அவள் பிறந்தநாளில் நான் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் எல்லாவற்றுக்கும் வண்ணம் போட்டு, குடும்பக் குழுவில் அனுப்பியிருந்தாள். கூடாரத்தின் மஞ்சள் யார் முகத்திலும் இல்லை. எல்லோரும் நலமாக இருந்தார்கள். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு படத்தில் நானும் இருந்தேன். கேமராவைச் சற்று நேரம் அவளிடம் கொடுத்தபோது அவள் எடுத்தது. அண்ணன் சோற்றுக் கரண்டியோடு நிற்கிறார், நான் பக்கத்தில் நிற்கிறேன். அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் ஒரு முழம் தூரத்தில் நின்று அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.